படம் வரைந்த டாக்டர்

முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் ஷீட்டின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரி. மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, ராத்திரி முழுக்க முழித்து, ஐசோமெட்ரிக் வ்யூவை எப்படியோ ஒப்பேற்றியவர்கள்கூட அந்த முதல் வரியில் தங்கள் பெயரை மட்டும் அழகாக எழுதியிருப்பார்கள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இந்தக் கட்டம் உண்டு. படம் யார் கையால் வந்தது என்பது பதிவாக வேண்டும் என்பது நம் தொழிலின் நல்ல பழக்கங்களில் ஒன்று.

மருத்துவம் படித்தவர்கள் வீட்டு அலமாரியில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் இருக்கும். கிரேஸ் அனாட்டமி. 1858-ல் லண்டனில் வெளிவந்தது. 40 பதிப்புகளைத் தாண்டி இன்னும் அச்சில் இருக்கிறது. டாக்டராகாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். கிரே என்பவர் அதன் ஆசிரியர். சரி, அந்தப் புத்தகத்தை அந்தப் புத்தகமாக்கிய படங்களை வரைந்தவர் யார்? பத்து டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒன்பது பேர் முழிப்பார்கள்.

அவர் பெயர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். வெறும் ஓவியர் இல்லை, அவரும் டாக்டர். அதிலும் வாழ்க்கையின் பெரும்பகுதியை நம் நாட்டில் கழித்தவர். மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு வியாதிக்கு உரிய விளக்கம் தேடியவர். இத்தனைக்கும் நம்ம ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை கேட்டபோது இவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

எனக்கும் இவருக்கும் ஒரு தொழில் சம்பந்தம் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் படித்த நான் இப்போது மருத்துவ மாணவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் உடலின் முப்பரிமாண உருவங்கள் செய்யும் குழுவில் இருக்கிறேன். டிரான்ஸிஸ்டரைத் தெரிந்தவன் கல்லீரலைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற உடற்கூறியல் பேராசிரியை ஒருவர். அம்மா என்றுதான் கூப்பிடுவோம். கார்ட்டரின் பெயரை முதலில் அவர் வாயிலாகத்தான் கேட்டேன். உறுப்பைப் பார்க்காமல் உறுப்பின் படத்தைப் பார்த்து வரைகிறவன் முந்தைய ஆளின் தப்பையும் சேர்த்து வரைவான் என்பது அந்த அம்மாவின் கட்சி. கார்ட்டர் அப்படி இல்லை என்பதற்காகவே அவர்மேல் அந்த அம்மாவுக்கு அபார மரியாதை.

கார்ட்டர் பிறந்தது 1831 மே 22 அன்று, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள ஹல் என்ற துறைமுக ஊரில். அப்பா ஹென்றி பார்லோ கார்ட்டர் பெயர் பெற்ற நீர்வண்ண ஓவியர்; கடலையும் கப்பலையும் வரைவதில் கெட்டிக்காரர். வான் டைக் என்ற பழைய ஓவியரின் பெயரை மகனுக்கு வைத்ததிலிருந்தே அப்பாவின் ஆசை புரிகிறது. தம்பி ஜோசப்பும் ஓவியரானார். குடும்பம் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தது. வீட்டில் பென்சிலும் தூரிகையும் நம் வீட்டில் அஞ்சறைப்பெட்டி மாதிரி, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

பையனோ டாக்டராக வேண்டும் என்றான். 1848-ல், பதினேழு வயதில், லண்டன் வந்து செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பள்ளியில் சேர்ந்தான். கூடவே ஒரு மருத்துவரிடம் கையாளாகப் பயிற்சி. வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை என்பதால் படம் வரைந்து கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டே படித்தார். தேர்வுகளை முடித்த கையோடு 1853-ல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் உடற்கூறியல் மாணவராக இடம் கிடைத்தது. அங்கே இரண்டு வருஷம். விலங்குகளின் எலும்பையும் மனிதனின் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அந்தக் காலத்தில் பேர்போன ரிச்சர்ட் ஓவன், நுண்ணோக்கியில் கரை கண்ட குவெக்கெட் ஆகியோரின் நிழலில் வேலை. 1856-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டமும் வந்துவிட்டது.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். வரையும் கை பிறவியிலேயே வந்தது. ஆனால் அதை நம்பி அவர் நேரே வரைய உட்காரவில்லை. கத்தி பிடித்துக் கற்றார், நுண்ணோக்கியில் கற்றார், நோயாளியின் படுக்கையருகே கற்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகம்.

ஹென்றி கிரே அதே செயின்ட் ஜார்ஜில் சீனியர். கார்ட்டரைவிட நாலு வயசு மூத்தவர். 25 வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர், நல்ல பேச்சு, நல்ல உடுப்பு, எங்கே போனாலும் முன்வரிசை. நம்ம பேட்ச்சில் ஒருத்தன் இருப்பானே, எல்லாக் கமிட்டியிலும் செக்ரட்டரியாக, அந்த ரகம். மண்ணீரல் பற்றிய ஆராய்ச்சிக்கு 1853-ல் பரிசு வாங்கினார். அந்த வேலைக்கே கார்ட்டர் படங்கள் வரைந்து கொடுத்திருந்தார். கார்ட்டர் நேர் எதிர். கூச்ச சுபாவம். ராத்திரியில் டைரி எழுதித் தன்னைத்தானே விசாரணை செய்துகொள்ளும் ஆசாமி. கடவுள் விஷயத்தில் தன் நம்பிக்கை போதுமா, இன்று நேரத்தை வீணாக்கினேனா என்றெல்லாம் அதில் கணக்கு. அந்த டைரிகள் லண்டனில் வெல்கம் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மாணவர்களுக்காக, குறிப்பாக அறுவை மருத்துவம் செய்யப் போகிறவர்களுக்காக, ஒரு புதிய உடற்கூறியல் நூல் எழுதும் யோசனையைக் கார்ட்டரிடம் சொன்னது கிரே. எழுத்து கிரேயுடையது, படம் கார்ட்டருடையது, அறுத்துப் பார்ப்பது இருவரும் சேர்ந்து. 1856, 57-ல் சுமார் 18 மாதம் இந்த வேலை நடந்தது.

இடம் கின்னர்டன் தெருவில் இருந்த மருத்துவப் பள்ளியின் பிணக்கூடம். இன்று நாம் ஃபார்மலின் வாசனையைக் குறை சொல்கிறோம். அன்று அதுகூடப் பயன்பாட்டில் இல்லை. உடல் கெடுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். ரப்பர் கையுறை கிடையாது. கத்தி கையில் கீறினால் விஷம் ஏறிச் செத்துப்போன மாணவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. மின்விளக்கு இல்லை. இப்படி ஒரு அறையில் நின்றுதான் கழுத்து நரம்புகளை இழை இழையாகப் பிரித்தார்கள்.

அந்த உடல்கள் யாருடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1832-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஏழைகள் விடுதியிலோ மருத்துவமனையிலோ இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கும் உடலை மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்றது அது. அதாவது அடக்கம் செய்யக் காசில்லாதவர்கள். கார்ட்டரின் படங்களில் சாந்தமாகக் கண்மூடி இருக்கும் முகங்கள், தோள்கள், கைகள் எல்லாம் அவர்கள் வழியாக வந்தவை. கார்ட்டருக்காவது ஒரு வரி கிடைத்தது. இவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. இதை லண்டன் வரலாற்றாசிரியர் ரூத் ரிச்சர்ட்ஸன் 2008-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக் காட்டினார்.

சரி, அந்தப் படங்களில் அப்படி என்ன விசேஷம்? அன்றைய பாடப்புத்தகங்களிலும் படம் உண்டு. ஆனால் சின்னதாக இருக்கும். ஒவ்வொரு உறுப்பின்மேலும் ஒரு எழுத்தோ எண்ணோ போட்டு, கீழே பொடி எழுத்தில் அதற்கு விளக்கம் தந்திருப்பார்கள். மாணவன் படத்தைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, கீழே தேடி, மறுபடி மேலே வருவதற்குள் எந்த நரம்பைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகும். ஒரு சர்க்யூட்டில் ஆர்1, ஆர்2 என்று மட்டும் போட்டு மதிப்பை அடுத்த பக்கத்தில் கொடுத்த மாதிரி.

கார்ட்டர் பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார். தசையின் பெயர் அந்தத் தசையின் நார் போகும் வாக்கில் படுத்திருக்கும். தமனியின் பெயர் தமனியோடு சேர்ந்து வளைந்து போகும். மேல்கையில் இறங்கும் பிரேக்கியல் தமனியைப் பாருங்கள். முழங்கையருகே அது இரண்டாகப் பிரிகிறது. எழுத்துகளைப் படித்துக்கொண்டே கண் கீழே இறங்கினால், ரத்தம் ஓடும் திசையிலேயே நாமும் போய்விடுகிறோம். எங்கே பிரிகிறது, எந்தத் தசைக்கு அடியில் நுழைகிறது என்பது பாடம் செய்யாமலே மனசில் நிற்கும். உறுப்பு, அதன் பெயர், அதன் போக்கு மூன்றும் ஒரே பார்வையில்.

இது சும்மா அழகு வேலை இல்லை. எங்கள் குழுவில் இதயம் செய்தபோது பட்ட பாட்டைச் சொன்னால் புரியும். அறைகள் நான்கு, வால்வுகள் நான்கு, எல்லாம் அளவு தப்பாமல் உருவாக்கியாயிற்று. அசைத்துக் காட்டத் தொடங்கியபோதுதான் உடலியங்கியல் வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.83 விநாடி. அதற்குள் மேலறைகள் முதலில் சுருங்க வேண்டும், கீழறைகள் ஒரு நொடியில் பத்திலொரு பங்கு போலத் தாமதித்துச் சுருங்க வேண்டும், வால்வு அதற்கேற்ப மூடித் திறக்க வேண்டும். உடற்கூறியல் நிற்கும் படம் தரும். ஓடும் படத்துக்கு உடலியங்கியல் இல்லாமல் ஆகாது. கார்ட்டரிடம் இருந்தது தாளும் பென்சிலும்தான். அசையாத ஒரு படத்தில் ஓட்டத்தை உணர்த்த அவர் பயன்படுத்திய கருவி எழுத்து போகும் திசை. நம்ம ஆட்கள் ஃப்ளோ டயகிராமில் அம்புக்குறி போடுவதற்குச் சமமான வேலை, அதைவிட நாசூக்காக.

அச்சிடும் முறையும் சாமானியமானதல்ல. படத்தை மரக்கட்டையில் செதுக்கி, ஈய எழுத்துகளோடு சேர்த்து ஒரே பக்கமாகப் பூட்டி அச்சடிப்பார்கள். செப்புத் தகட்டுப் படமென்றால் தனித் தாளில் தனியாக அச்சிட வேண்டும், செலவும் கூட. மரக்கட்டையில் விளக்கமும் படமும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஆனால் அச்சில் நேராக வர வேண்டுமென்றால் கட்டையில் இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக இருக்க வேண்டும். கார்ட்டர் கட்டையின் மேலேயே அப்படித் திருப்பி வரைந்தார். இடது கையை வலது கையாக, எழுத்தைத் திருப்பி எழுதி, தமனி வளைவோடு சேர்த்து! அதைப் பட்டர்வொர்த் அண்ட் ஹீத் என்ற செதுக்கர்கள் கோடு கோடாகச் செதுக்கினார்கள். நடுவில் ஒரு சங்கடம் வேறு: பல படங்கள் திட்டமிட்ட பக்க அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகிவிட்டன. டைமென்ஷன் சரிபார்க்காமல் பொருளைச் செய்த கதைதான். ஓரத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள். முடிவில் அதுவே லாபமாயிற்று. பெரிய, தெளிவான படம் என்பதே அந்தப் புத்தகத்தின் அடையாளமாகிவிட்டது.

750 பக்கம், 363 படம். சில படங்கள் மட்டும் பிற நூல்களைத் தழுவியவை; மற்றதெல்லாம் கார்ட்டரின் கை.

கணக்கு வழக்குக்கு வருவோம். கிரேக்கு விற்கும் ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. கார்ட்டருக்கு மொத்தமாக, ஒரே ஒரு தடவை, 150 பவுண்டு. புத்தகம் எத்தனை பதிப்பு போனாலும் அவருக்கு அதோடு சரி. முதல் பக்கத்தின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தபோது இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. கிரே பேனாவை எடுத்துக் கார்ட்டரின் பெயரைச் சின்ன எழுத்தில் போடும்படி மாற்றினார். பம்பாயில் கார்ட்டருக்குப் புதிதாகக் கிடைத்திருந்த பேராசிரியர் பதவியைக் குறிப்பிட்டிருந்த வரியையும் அடித்துவிட்டார். அந்தத் திருத்தப்படி பிழைத்து வந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. படங்கள் கார்ட்டருடையவை, அறுத்துப் பார்த்தது இருவரும் என்பது மட்டும் முதல் பக்கத்தில் தங்கியது. புத்தகத்தின் முதுகில் கிரே மட்டும்.

கிரே கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்து அவருடையது, திட்டம் அவருடையது, அவ்வளவு தெளிவாக எழுத அந்த வயதில் வேறு யாரால் முடிந்திருக்கும்? ஆனால் அந்தப் பேனாக் கீறல் எனக்கு உறுத்துகிறது. எந்த ஆபீஸிலும் பவர்பாயின்ட் செய்தவன் ஒருத்தன், மேடையில் நிற்கிறவன் ஒருத்தன் என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புத்தகம் கடைக்கு வந்தபோது கார்ட்டர் லண்டனில் இல்லை. 1858-ன் ஆரம்பத்தில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல், உடலியங்கியல் பேராசிரியர். பக்கத்திலேயே ஜாம்செட்ஜி ஜீஜீபாய் மருத்துவமனையில் வேலை. லண்டன் பத்திரிகைகள் புத்தகத்தைப் புகழ்ந்தபோது அவர் இங்கே இந்திய மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மறு வருஷமே அமெரிக்கப் பதிப்பும் வந்துவிட்டது. கிரேக்கு அந்தப் புகழை அனுபவிக்க அதிக நாள் இல்லை. பெரியம்மை கண்ட தன் அண்ணன் தம்பி மகனொருவனைக் கவனித்துக்கொண்டவருக்கு அதுவே தொற்றி, 1861 ஜூனில், 34 வயதில் போய்ச் சேர்ந்தார். பையன் பிழைத்துக்கொண்டான்.

கார்ட்டரின் பம்பாய் வாழ்க்கையும் பூப்பாதை இல்லை. 1859-ல் செய்த முதல் திருமணம் துயரத்தில் முடிந்தது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. வேலையில் மூழ்கினார் என்று மட்டும் சொல்லலாம்.

இப்போது மதுரைக்கு வருவோம். 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான கால் வியாதியைப் பதிவு செய்தார். காலில் முள் குத்திய மாதிரி தொடங்கும். வலி அதிகம் இருக்காது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பாதம் வீங்கும். துளைகள் விழுந்து, சீழோடு கறுப்பாகவோ வெளிறிய நிறத்திலோ மணி மணியாக ஏதோ வரும். எலும்பு வரை அரித்துவிடும். செருப்பில்லாமல் வயலிலும் கரட்டிலும் நடக்கிறவர்களுக்குத்தான் வரும். பிறகு வந்தவர்கள் இதற்கு மதுரைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மல்லிகைக்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர்!

பம்பாய் மருத்துவமனையில் வெட்டி எடுக்கப்பட்ட பாதங்களைக் கார்ட்டர் எடுத்துக்கொண்டார். அறுத்துப் பார்த்தார், அந்த மணிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், வரைந்தார். பூஞ்சையின் இழைகள் தெரிந்தன. 1860-ஐ ஒட்டி இது பூஞ்சையால் வரும் நோய் என்று சொல்லி மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். 1874-ல் அதைப் பற்றிப் படங்களோடு தனி நூலே எழுதினார். நுண்ணுயிர்தான் நோய்க்குக் காரணம் என்பதை ஐரோப்பாவிலேயே பலர் ஏற்காத காலம் அது என்பதை நினைவில் வையுங்கள். கறுப்பு மணி, வெளிறிய மணி என்று அவர் பிரித்து வைத்ததும் வீண் போகவில்லை. மைசிட்டோமாவில் பூஞ்சை வகை ஒன்று, பாக்டீரியா வகை ஒன்று என்று பின்னால் தெளிவானபோது மணியின் நிறம் ஒரு முக்கியமான துப்பு ஆனது. பூஞ்சை வகைக்குக் காரணமான முக்கியமான பூஞ்சையின் அறிவியல் பெயரில் மதுரையும் இருக்கிறது, கார்ட்டர் வைத்த பெயரும் இருக்கிறது: மதுரெல்லா மைசிட்டோமேட்டிஸ். உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நடுவில் சதாராவில் சிவில் சர்ஜனாகச் சில வருஷம். பிறகு தொழுநோயைப் பற்றி அறிய நார்வே போனார். பெர்கன் நகரில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்ட 1873-ஐ ஒட்டிய காலம் அது. திரும்பி வந்து தொழுநோயாளிகளின் காப்பகங்கள் பற்றி அரசாங்கத்துக்கு எழுதினார்.

அடுத்து வந்தது பஞ்சம். நம்ம தாத்தா பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று தங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்களே, அதே 1876 முதல் 78 வரையிலான கொடுமை. தக்காணத்திலிருந்து பசியோடு பம்பாய்க்கு வந்து குவிந்தவர்களிடையே ஒரு காய்ச்சல் பரவியது. ஐந்தாறு நாள் கொளுத்தும், நிற்கும், ஒரு வாரம் கழித்து மறுபடி வரும். நோயாளிகளின் ரத்தத்தில் சுருள் சுருளான நுண்ணுயிரைக் கார்ட்டர் 1877-ல் கண்டார். பெர்லினில் ஓபர்மையர் முன்பே கண்டதுதான், இந்தியாவில் இருப்பதை நிலைநாட்டியவர் இவர். ரத்தத்தில் அது எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பின்தொடர்ந்தார். அந்தக் காய்ச்சல் அவரையும் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். 1882-ல் வந்த அவருடைய நூலுக்குப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. மலேரியாக் கிருமியை லாவரான் கண்டுபிடித்த செய்தியைப் பலர் நம்பாமல் இருந்தபோது, 1887-ல் பம்பாய் நோயாளிகளின் ரத்தத்தில் அதைப் பார்த்துப் பதிவு செய்தவரும் இவரே.

கிரான்ட் மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்துவிட்டு 1888-ல் ஓய்வு பெற்று ஸ்கார்பரோ திரும்பினார். 1890-ல், ஐம்பத்தொன்பது வயதில், மறுமணம், இரண்டு குழந்தைகள். அந்தச் சந்தோஷம் ஏழு வருஷம் நீடித்தது. 1897 மே 4 அன்று காசநோயால் இறந்தார். அடுத்த மூன்றே மாதத்தில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

கிரேஸ் அனாட்டமியில் கார்ட்டரின் படங்கள் அடுத்தடுத்த பதிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்டன. நிறம் வந்தது, எக்ஸ்ரே வந்தது, ஸ்கேன் வந்தது. பழைய படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 1858 பதிப்பின் மறு அச்சுகள் கிடைக்கின்றன. படம் வரைவதும் உடற்கூறியலும் இரண்டும் பிடிக்கும் என்கிற ஜூனியர்களுக்கு ஒரு தகவல்: இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் துறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1911-ல் மாக்ஸ் பிரோடெல் என்ற ஜெர்மன் ஓவியர் தொடங்கினார். பிற்பாடு அதில் முதுகலைப் பட்டமும் வந்தது. அங்கே சேர்கிறவர்கள் பென்சிலோடு கத்தியும் பிடிக்க வேண்டும். விவரம் வேண்டுபவர்கள் இந்தச் சந்திப்பில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிராயிங் ஹால் பக்கம்தான் இருப்பேன்.